பழைய கடல்

பெரம்பலூர் ஆபீசில் சத்யப்பிரியாவுக்கு ஒரே வேலைதான். சாட்டிலைட் ரேடார் எடுத்த படத்தில் கடல் கறுப்பாக இருக்கும், கப்பல் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கப்பலை அடையாளம் காணக் கம்ப்யூட்டரைப் பழக்குவதற்காக, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கட்டம் போட வேண்டும்.

"போன வாரம் எடுத்த படமெல்லாம் வந்துருக்கும்மா. புள்ளி பளிச்சுனு இருக்கு, கண்ணு வலிக்காது," என்றார் மேனேஜர் மணிவண்ணன்.

"எனக்குப் பழைய படமே குடுங்க சார்."

"எல்லாரும் புதுசுதான் கேக்குறாங்க. ஒனக்கு மட்டும் என்ன?"

"பழகிடுச்சுங்க சார்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். அன்று அவள் நானூற்றுப் பதினாறு கட்டம் போட்டாள்.

வேப்பந்தட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், மாமியார் கொளஞ்சியம்மாள் வழக்கம்போலக் கேட்டாள்.

"ஊரு ஆயிரம் சொல்லட்டும். நீதான் தெனமும் கடலப் பாக்குற, நீ சொல்லு. எம்மவன் கப்பலு மெதக்குதா?"

"மெதக்குதுங்க அத்தை. எல்லாக் கப்பலும் மெதக்குது."

கொளஞ்சியம்மாள் நிம்மதியாகத் தட்டெடுத்துச் சோறு போட்டாள். சத்யப்பிரியா பிசைந்து சாப்பிட்டாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. அந்தப் படங்கள் இரண்டு வருடத்துக்கு முன்பு எடுத்தவை. அவள் புருஷனோடு அந்தக் கப்பல் முழுகியது போன ஐப்பசியில்தான்.