அட்ரஸ் மாறக் கூடாது

"புதுசா ஒண்ணு போட்டுடலாம்மா. இந்த நெட்வொர்க் கார்டு ரொம்பப் பழசு. புது லினக்ஸ் சாஃப்ட்வேருக்கு இதை அடையாளமே தெரியலை."

காலையிலிருந்து அந்தப் பழைய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் மெக்கானிக் கோகுல்.

"அதே கார்டுதான் ஓடணும் தம்பி" என்றார் குல்சும் பீவி. "ஒவ்வொரு கார்டுக்கும் உலகத்துலயே தனி அட்ரஸாம். மாத்தினா அட்ரஸும் மாறிடும்னு எம்மவன் ஆசிப் சொல்லிட்டுத்தான் துபாய் போனான்."

"மாறினா என்னம்மா, அதுக்குத் தபாலா வரப்போவுது?"

பீவி சிரிக்கவில்லை. டீ போட உள்ளே போனார்.

இவருக்கு என்ன தெரியப்போகிறது என்று கோகுல் பழைய கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேறொன்றைச் சொருகினான். உடனே பச்சை விளக்கு எரிந்தது.

"ஓடுதும்மா."

"அதே அட்ரஸ்தானே?"

"அதேதான்."

பீவி டீயை நீட்டினார். "விக்கிரவாண்டி வீட்டை ரோட்டுக்கு எடுத்துக்கினாங்க. அப்புறம்தான் இந்தத் திண்டிவனத்துக்கு வந்தோம். வந்த கையோட துபாய்லேருந்து ஒரு பெட்டி வந்துச்சு. ஆசிப்புன்னாங்க. மூஞ்சியைப் பார்க்கணும்னு கெஞ்சினேன். திறக்காமலே அடக்கம் பண்ணிட்டாங்க. அது அவன் இல்லைன்னா? திரும்பி வந்தா எங்கன்னு தேடுவான்? அவனுக்குத் தெரிஞ்ச அட்ரஸ் இது ஒண்ணுதான் தம்பி."

கோகுல் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான். சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"ஒரு ஸ்க்ரூ விட்டுப்போச்சும்மா" என்று கம்ப்யூட்டர் பெட்டியை மறுபடியும் திறந்தான்.