அறுந்து கிடக்கும் வருஷம்

பிற்பகல் வெயில் கணினித் திரையில் விழுந்து இரண்டு கோடுகளையும் வெளுக்க வைக்கிறது. பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேர் மழலையர் பள்ளியில் சேர்ந்தார்கள் என்ற இருபது வருஷக் கணக்கு அது. நீலக்கோடு பக்கத்து நாடு, சிவப்புக்கோடு சொந்த நாடு. நீலம் நிதானமாகப் படியேறிப் போக, சிவப்பு நடுவில் ஒரு வருஷம் அறுந்து கிடக்கிறது. மேலதிகாரி, துணிக்கடையில் விலை குறைக்கச் சொல்பவரைப் போல, புள்ளிவிவரக்காரியின் நாற்காலி முதுகைப் பிடித்துக் குனிகிறார். "முந்தின வருஷம் நூத்துக்கு ஐம்பத்திரண்டு, அடுத்தது ஐம்பத்தெட்டு. நடுவுல ஐம்பத்தஞ்சு போட்டு ஒட்டிடும்மா. பக்கத்து நாட்டுக்காரன் முன்னாடி ஓட்டைப் பல்லோட நிக்க முடியுமா?" "அந்த வருஷம் பள்ளிக்கூடமே திறக்கல சார். என் பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. வீட்டுலதான் இருந்தா." "உன் பொண்ணை யாரும்மா கேட்டா? கோட்டைத்தான் கேக்குறாங்க. அஞ்சு மணிக்கு அறிக்கை போயாகணும்." மின்விசிறி மேசைக் காகிதங்களின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு விடுகிறது. அவள் விரல் ஐந்தை இரண்டு முறை அழுத்துகிறது. கோடு கூடிக்கொள்கிறது, தையல்கூடத் தெரியவில்லை. "இப்பதான் லட்சணமா இருக்கு" என்று அவர் நகர்கிறார். நூற்றுக்கு ஐம்பத்தைந்து சிறுமிகள் பூட்டிய பள்ளிகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தன் மகளை அந்த ஐம்பத்தைந்தில் சேர்ப்பதா, மிச்ச நாற்பத்தைந்தில் சேர்ப்பதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அடுத்த பக்கத்தைத் திறக்கிறாள்.