அணைத்தாலும் எரியும் லைட்

"சார், உங்க கார்ல லைட் எரியுது."

எதிர்வீட்டுத் தையல்காரம்மாள்தான். சாயங்காலம் ஆனால் போதும், வந்து மணியடித்து இதையே ஒப்பிப்பாள்.

கிளட்ச் சார் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். டிரைவிங் ஸ்கூலில் ஆயுசு முழுக்க "கிளட்ச்சை மிதி" என்று கத்திக் கத்தியே வாங்கிய பட்டம் அது. வேலையை விட்ட பிறகும் அது அவரை விடவில்லை.

கார் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. லைட் எரியவில்லை.

"இப்பத்தான் சார் அணைஞ்சுது. சுவிட்ச்ல ஏதோ கோளாறு போல," என்றாள். அத்தோடு போகலாமில்லையா? "சாப்பிட்டீங்களா? இருமல் தேவலையா?" என்று ஆரம்பித்தாள். பேச்சோடு பேச்சாகக் கண் அவருடைய அடுப்படிவரை போய்விட்டு வந்தது.

"எல்லாம் ஆச்சும்மா," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கையோடு மகனுக்குப் போன் போட்டார்.

"அந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லடா. எப்படா உள்ள எட்டிப் பார்க்கலாம்னு அலையுது."

"சுவிட்சைச் சரி பண்ணிட்டா வரமாட்டாங்கல்ல? நீங்களே பிரிச்சுப் பாருங்கப்பா. எனக்கு மீட்டிங் இருக்கு."

மறுநாள் உட்கார்ந்துவிட்டார். பேட்டரியைக் கழற்றிக் கூடத்தில் வைத்தார். லைட் சுவிட்சைப் பிடுங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் போட்டார். மனைவி போனதிலிருந்து அந்த மேஜையில் ஒரு தட்டுக்குத்தான் வேலை. மற்ற இடமெல்லாம் சும்மாதான் கிடந்தது.

இதைச் சரி செய்துவிட்டால் இனி தொல்லை இல்லை. யாரும் மணியடிக்க மாட்டார்கள்.

யாருமே.

நினைத்ததும் மனசுக்கு என்னவோ போலிருந்தது. இந்த வீட்டு மணியை அடிக்கிற ஒரே ஆள் அவள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் ஆரம்பித்த வேலையாயிற்றே. மூடியை நெம்பித் திறந்தார்.

உள்ளே பொட்டுக் கரி இல்லை. ஸ்பிரிங் விறைப்பாக இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தார். போட்டால் முள் ஏறியது, அணைத்தால் இறங்கியது. தட்டினார், குலுக்கினார். அப்போதும் அப்படியேதான்.

இந்த சுவிட்சில் எந்தக் கோளாறும் இல்லை. இருந்ததும் இல்லை.

அதைத் திரும்ப மாட்டாமல் மேஜைமேலேயே வைத்தார்.

சாயங்காலம் மணி அடித்தது. எழுந்து கதவைத் திறந்தார்.

"சார், உங்க கார்ல லைட்..."

அவள் கண் வழக்கம்போல உள்ளே போனது. கூடத்து நடுவில் பேட்டரி. மேஜைமேல் பிரித்துப் போட்ட சுவிட்ச். பேச்சு பாதியில் நின்றது. முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

கிளட்ச் சார் கார் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமாம்மா, எரியுது," என்றார். "நானும் பிரிச்சுப் பார்த்துட்டேன். இது லேசுல சரியாகிற கோளாறு இல்ல. உள்ள வாங்க, டீ போடறேன்."