தவளை எழுந்து போன ஆட்டம்

அணில் கபடி ஆடப் போனால் தவளைக்குத் தொண்டை கிழியும். அந்த வருஷம் முழுக்க எல்லைக்கோட்டை ஒட்டி உட்கார்ந்து, "விடாதே தம்பி!" என்று கத்தியே தீர்த்தது.

இறுதி ஆட்டத்தில் எதிரணிக் கீரிகள் முந்திவிட்டன. 'இனி எங்கே ஜெயிக்கப் போறானுங்க' என்று சலித்துக்கொண்டு, ஆட்டம் முடியுமுன்னே தவளை குளத்துக்குக் கிளம்பிவிட்டது. கடைசியாகக் 'கபடி கபடி' என்று பாடிப் போன அணில், பாட்டை நடுவில் விட்டு அவுட்டாகிவிட்டதாம். கோப்பை போய்விட்டது. சேதி வந்ததும் தவளை குளத்து நண்டுகளிடம் பொரிந்து தள்ளியது: "மூச்சுப் பிடிக்கத் துப்பில்லாதவனுக்கு எதுக்குக் கபடி?"

மறுநாள் அணில் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு குளக்கரைக்கு வந்தது. தவளை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"கோபமா இருப்பீங்க. என் தப்புதாண்ணே. கடைசியா பாடிப் போனப்ப உங்க சத்தமே கேக்கல. திரும்பிப் பாத்தா உங்க இடம் காலி. மயங்கி கியங்கி விழுந்துட்டீங்களோன்னு பதறிட்டேன். கபடி கபடின்னு சொல்லிட்டிருந்த வாயில 'அண்ணே'ன்னு வந்துடுச்சு. இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

நண்டுகள் தவளையையே பார்த்தன.

"லேசாக் காய்ச்சல், தம்பி" என்றது தவளை. வருஷமெல்லாம் மைதானத்தை அதிரவைத்த தொண்டையில் அவ்வளவு சத்தம்தான் வந்தது.