மூணு மணி நேரப் பதிவு

"மூணு மணி நேரம் ஓடுது. அவங்க மொழியில ஒரே ஒரு வார்த்தை கூடவா இல்ல?"

இயக்குநர் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல வச்சார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

எங்க அறக்கட்டளைக்கு வேலையே இதுதான். சின்னச் சின்ன இனங்கள், அவங்க மொழி, அவங்க கேட்கிற தன்னாட்சி, இதையெல்லாம் ஆராய்ஞ்சு அரசாங்கக் குழுவுக்கு அறிக்கை கொடுக்கணும். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மக்கள் இருபது வருஷமா தனி மன்றமும், தங்களோட மொழியில பள்ளிக்கூடமும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அறிக்கை இன்னிக்கு நாலு மணிக்குப் போயாகணும்.

நான் அந்த மொழியை மூணு வருஷம் முட்டி மோதிப் படிச்சவ. போன வாரம் அவங்க ஊர்க்கூட்டத்துல நாப்பது பேர் பேசினதைப் பதிவு பண்ணேன். கேள்வியை அவங்க மொழியிலதான் கேட்டேன். நாப்பது பேரும் நம்ம மொழியில பதில் சொன்னாங்க. தங்களுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டதும் நம்ம மொழியிலதான்! வந்த எரிச்சல்ல ஏன்னு கேட்கக்கூடத் தோணலை. மூட்டையைக் கட்டிக்கிட்டு ஆபீஸ் வண்டியில ஏறி வந்துட்டேன்.

"மொழி போச்சு, மொழி போச்சுன்னு கொடி பிடிக்கறாங்க. தங்களுக்குள்ள பேசறது நம்ம மொழி. யாரை ஏமாத்தறாங்க?"

"அப்படி இல்ல சார்..."

"பின்ன எப்படி? சொல்லும்மா."

அவர் எழுத ஆரம்பிச்சார். 'புழக்கத்தில் இல்லாத மொழி. தனி மன்றம் தேவையில்லை.'

அந்த ரெண்டு வரி போனா இருபது வருஷப் பாடு அம்போதான்.

"சார், ஒரே ஒரு போன். அஞ்சு நிமிஷம்."

கூட்டத்துக்குத் தலைமை தாங்கின தையல்கடை அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கர்ல போட்டேன். பின்னால மெஷின் ஓடற சத்தம். அக்கா அவங்க மொழியில படபடன்னு பொரிஞ்சாங்க. ஊருக்குப் போனதும் எங்களை மறந்துட்டியாடின்னு ஒரே திட்டு. இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க இயக்குநரும் கேட்டுக்கிட்டு இருக்கார் அக்கா"ன்னு நானும் அதே மொழியில சொன்னேன்.

மெஷின் நின்னுது.

"வணக்கம் சார்! நல்லா இருக்கீங்களா?"

நம்ம மொழி!

"பாத்தியா!" இயக்குநர் மேஜையைத் தட்டினார்.

"ஐயோ அக்கா, ஏன் மாத்தினீங்க?"

"இது என்ன கேள்வி? சாருக்குப் புரியாதேம்மா. அவரை வச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் நம்ம பாட்டுக்குப் பேசினா நல்லாவா இருக்கும்?"

"அப்போ அன்னிக்குக் கூட்டத்துல?"

"அன்னிக்கும் அதேதான். புரியாதவர் ஒருத்தர் இருந்தாலும், மொத்தக் கூட்டமும் அவருக்குப் புரியற மொழியிலதான் பேசணும். எங்க கூட்டத்துல அதை யாரும் மீற மாட்டோம்."

"நாப்பது பேரும் ஒருத்தருக்காகவா?" இயக்குநரே கேட்டுட்டார்.

"பட்டவங்களுக்குத்தானே தெரியும் சார்! ஆறு வயசுல பள்ளிக்கூடத்துல கொண்டு போய் விட்டாங்க. டீச்சர் பேசினது ஒரு வார்த்தை புரியாம ஒரு வருஷம் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இங்க எல்லாருக்கும் அதே கதைதான். அதை இன்னொருத்தருக்குச் செய்ய மனசு வருமா?"

எப்பேர்ப்பட்ட மனுஷங்க! மூணு வருஷமா புஸ்தகம் புஸ்தகமா படிச்சேனே, ஒண்ணுலயாவது இது இருந்துதா?

இயக்குநர் அந்த ரெண்டு வரியையும் அழுத்தி அடிச்சுட்டு, காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"நீயே எழுதும்மா. நாலு மணி ஆனா ஆகட்டும். நான் பேசிக்கறேன்."

போனை வைக்கப் போனவ, சட்டுனு கேட்டேன்.

"அக்கா, எனக்குத்தான் உங்க மொழி தெரியுமே. புரியாத அந்த ஒருத்தர் யாரு?"

"நல்லா கேட்டே போ! அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டி உன்னைக் கூட்டிக்கிட்டு வந்தாரே, உங்க டிரைவர். நீ பாட்டுக்கு அவரை வெயில்ல விட்டுட்டு உள்ள வந்துட்டே. நாங்கதாம்மா கூப்பிட்டுப் பின்வரிசையில உட்கார வச்சோம்."