குழாயின் மறுமுனை

"மெசினப் பத்தி ஒனக்கு என்னடி தெரியும்?" என்று கல்யாணமான புதிதில் தவராஜா கேட்டான். அன்றிலிருந்து பிரியந்தினி, கேட்டதற்கு மட்டுமே பதில் சொன்னாள்.

இன்று தேயிலை ஃபேக்டரியின் டீமேக்கர் ஐயா தவராஜாவின் பிக்கப்பைப் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால், ராகலையிலிருந்து ஃபேக்டரிக்குக் கொழுந்து ஏற்றும் கொந்தராத்து தவராஜாவுக்குத்தான்.

எண்ணெய்ப் புகையை என்ஜினுக்குள்ளேயே திருப்பி அனுப்பும் குழாயை நம் மேதை கழற்றினான்.

"தான் விட்ட புகைய தானே குடிக்குது, வெக்கங்கெட்ட என்ஜின்!"

நீளமான ரப்பர் குழாயைப் பூட்டிப் புகையை வெளியே திருப்பிவிட்டான்.

"முன்சீட்டுல மணக்குதா?"

"இல்லைங்க."

"பாத்தியா!"

டீமேக்கர் முன்சீட்டில் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தார்.

"ஒரு நாத்தமும் இல்லையே, தம்பி!"

"எல்லாம் நம்ம கைவேலைங்க ஐயா."

இறங்கியவர் பின்னால் போய், மாதிரிக்கு ஏற்றியிருந்த கொழுந்தில் ஒரு பிடி அள்ளி மோந்தார். எந்த வாடை பட்டாலும் இழுத்துக்கொள்வதுதான் கொழுந்தின் குணம். அவர் முகம் கோணியது. குனிந்து பார்த்தார். குழாயின் மறுமுனை, பின்தட்டின் ஓட்டை வழியாகக் கொழுந்துச் சாக்குகளுக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தது.

தவராஜா பிரியந்தினி பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லக் கூடாதாடி?"

"நீங்க முன்சீட்டத்தானுங்களே கேட்டீங்க?"

டீமேக்கர் கையை உதறிவிட்டு நடையைக் கட்டினார்.