இன்னும் பெருசா

மழை விட்ட விடியலில் எண்ணூர் முகத்துவாரம் பனிமூட்டத்துக்குள் கனவுபோல மிதந்தது. கரையோர ஈர மண்ணைச் சிலுவைமுத்து கிளற, மனைவி ஃப்ளோரா டப்பாவோடு நின்றாள்.

"இந்தப் புழு போதுமா?"

"இன்னும் பெருசா வோணும்யா. உரத்தொட்டிக்குப் பெருசுதான் நல்லதாம், மகளிர் குழுவுல சொன்னாங்க."

ஒவ்வொரு புழுவையும் உள்ளங்கையில் கிடத்தி விரலால் தொட்டார். துடித்துச் சுருண்டது மட்டும் டப்பாவுக்குள் போனது.

கூடவே மீன் பிடித்த தோஸ்து ஆண்ட்ரூ இறந்ததும், 'இனிமே தொட மாட்டேன்' என்று தூண்டிலைப் பரணில் போட்டவர் அவர். ஆறு மாதமாகச் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். இப்போது ஒரு வாரமாக, அவளுக்கு முன்பே எழுந்துவிடுகிறார்.

ஆனால் தினமும் மாலைக்குள் தொட்டியிலிருந்து பெரிய புழுக்கள் காணாமல் போயின.

"ஓடிப்போச்சு போல கீது," என்பார், எங்கோ பார்த்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் இரண்டு கெளுத்தி மீன்களை வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

"மன்னிச்சுக்கோ ஃப்ளோரா. உன் புழுவெல்லாம் நான்தான் எடுத்துகினு போனேன். மனசு கேக்கல, தூண்டில் போட்டேன். உன் உரம்தான் வீணாப்பூடுச்சு."

ஃப்ளோரா அவரைக் கூட்டிப்போய்த் தொட்டியின் மூடியைத் திறந்தாள். காய்கறித் தோலுக்கடியில், நூல் நூலாகச் சின்னச் சிவப்புப் புழுக்கள் நூற்றுக்கணக்கில் நெளிந்தன.

"உரத்துக்கு இதான் புழு. மொத நாளே குழுவுல குடுத்துட்டாங்க."

"அப்புறம் ஏன் பெருசா வோணும்னு கேட்ட?"

"சின்னதுக்குக் கெளுத்தி கடிக்குமா?" என்று கேட்டுவிட்டு, அவள் மீனை ஆயப் போனாள்.